யூகே மாணவர் விசா: காசு பெரியப்பாவின் கணக்கில் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். செப்டெம்பரில் தொடங்கும் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்திருக்கிறது, லண்டனுக்கு வெளியே. கட்டணம் 15,500 பவுண், அதில் 5,000 கட்டிவிட்டோம். மீதிக் காசு பெரியப்பாவின் கணக்கில் இருக்கிறது, ஹட்டனில் கடை வைத்திருக்கிறார், அவர்தான் படிக்க வைக்கிறார். அம்மா கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு அவருடைய கணக்கில் இருக்கிறது. அப்பா இல்லை. இருப்பது தோட்டத்து லயத்து வீடு, காணி உறுதிப் பத்திரம் இல்லாததால் அதை வைத்துக் கடன் எடுக்கவும் வழியில்லை.

விசாவுக்கு உதவும் ஒரு இடத்தில் கேட்டேன். பெரியப்பாவின் காசு செல்லாது, மூன்று இலட்சம் தந்தால் ஒரு மாதத்துக்கு என் கணக்கில் காசு போட்டுக் காட்டுகிறோம் என்றார்கள். இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. அம்மாவின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் 'லெ' என்று தொடங்குகிறது, அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் 'ல'. அந்தப் புத்தகத்தை அம்மா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார், நேற்று எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

பதில் (ஹட்டன், இப்போது லெஸ்டர்)

தங்கச்சி, முதலில் அந்த மூன்று இலட்சத்தைக் கொடுக்காதீர்கள். திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், ஏமாற்று என்று முடிவு செய்தால் இந்த விசா மட்டுமல்ல, 10 வருடத்துக்குத் தடையும் வரலாம். என்னோடு விண்ணப்பித்த ஒரு பையன் இப்படித்தான் மாட்டினான், அவனுடைய அம்மா நகையை அடகு வைத்துக் கொடுத்த காசு அது.

பெரியப்பாவின் கணக்கைக் காட்ட முடியாது என்பது உண்மை. உங்கள் கணக்கு, இல்லாவிட்டால் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் பெரியப்பா அந்தக் காசை உங்கள் கணக்கில் போடுவதற்குத் தடை இல்லை. அம்மாவின் காசையும் அதே கணக்குக்கு மாற்றுங்கள். எல்லாம் உங்கள் பெயரில் இருந்தால் பெற்றோரின் சம்மதக் கடிதமும் வேண்டாம், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும் வேண்டாம், 'லெ' 'ல' பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பெரியப்பாவிடம் அன்பளிப்பாகத் தருகிறேன் என்று ஒரு கடிதமும் அவருடைய வங்கிக் கூற்றும் வாங்கி வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

கணக்கு இப்படி வரும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு வெளியே வாழ்க்கைச் செலவு மாதம் 1,171 பவுண், லண்டன் என்றால் 1,529, கூடியது 9 மாதம். உங்களுக்கு 10,539. கட்ட வேண்டிய மீதிக் கட்டணம் 10,500. மொத்தம் 21,039 பவுண், தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் அதற்குக் கீழே போனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். ரூபாவில் வைத்தால் விண்ணப்பிக்கும் நாளில் ஒயாண்டா என்ற நாணய மாற்று இணையத்தளம் காட்டும் விலைப்படி பவுணாக மாற்றிப் பார்ப்பார்கள், அதனால் கொஞ்சம் கூடவே போட்டுவிட்டு அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

ஜூலை 3ஆம் திகதி காசு போட்டால் 30ஆம் திகதியோடு 28 நாள் முடியும். இரண்டு நாள் கூடவிட்டு ஆகஸ்ட் 1இல் கூற்று எடுங்கள். கூற்றின் கடைசித் திகதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

பதில் (பண்டாரவளை)

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. விசாக் கட்டணம் தனி. சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு வருடம் 776 பவுண், ஒரு வருட முதுமாணிக்குப் பின்னால் வரும் நாலு மாதத்தையும் சேர்த்து ஒன்றரை வருடத்துக்கு 1,164 வாங்குவார்கள். இந்த இரண்டையும் அந்த 21,039இலிருந்து எடுத்துவிடாதீர்கள், வேறு காசாக வையுங்கள். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில் ஐஓஎம் என்ற சர்வதேச புலம்பெயர்வு அமைப்பில், சான்றிதழ் 6 மாதம் செல்லும். மலையிலிருந்து இறங்கிப் போய் வர ஒரு நாள் போய்விடும் என்பதால் முன்னமே திகதி எடுங்கள். விசா முடிவுக்கு வழமையாக 3 கிழமை.

பதில் (கொட்டகலை)

விசா கிடைக்காவிட்டால் மனம் உடையாதீர்கள். ஜெர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் எங்களைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அங்கே முடக்கிய கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். என் தம்பி அப்படித்தான் போனான்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, எல்லோருக்கும் நன்றி. பெரியப்பாவிடம் கதைத்தேன், நாளைக் காலை வங்கி திறந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். அந்த இடத்துக்குக் காசு தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும்: பெரியப்பாவின் காசை இரண்டு தடவையாகப் போட்டால், 28 நாளைக் கடைசித் தொகை வந்த நாளிலிருந்துதானே எண்ண வேண்டும்?

பதில் (ஹட்டன், இப்போது லெஸ்டர்)

ஆமாம், முழுத்தொகை நிறைந்த நாளிலிருந்து. முடிந்தால் ஒரே தடவையில் போடச் சொல்லுங்கள்.