வெட்டு இல்லாத நாளில்தான் தலைபாரம் அதிகம், ஏன்?

மலையோரம்:
குலசேகரம் பக்கம் 14 வருஷமாக ரப்பர் வெட்டுக்கு, அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலைக்குப் போகிறேன். ஒன்றுவிட்ட நாள் வெட்டு. ராத்திரி 2 மணிக்கு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் 350 மரம் முடிய ஆறாகிவிடும், அப்புறம் பால் எடுத்து ஆசிட் ஊற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரப் பத்தரை. வெட்டு இல்லாத நாளில் ஏழரை வரை தூங்குகிறேன், ஆனால் அன்றைக்குத்தான் தலை பாரமாக இருக்கிறது. ராத்திரி பத்தரை வரை கண் மூடாது, மறுபடியும் 2 மணி அலாரம். போன வாரம் நாலு மணி இருக்கும், கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிட்டது. அந்த மரத்தை விட்டு நகரவே மனசு வரவில்லை. தாமதமாகப் போனால் பால் குறையும் என்கிறார் முதலாளி. என்ன வழி?

நைட் டியூட்டி:
அண்ணே, நான் நாகர்கோவிலில் நர்ஸ். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் சேர்ந்த ஒரு முடிச்சு இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். தானாக ஓடவிட்டால் ஒரு சுற்றுக்கு 24 மணிநேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், காலை வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. நேரம் மாறினால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம்தான் நகரும். நீங்கள் 2 மணி, ஏழரை என்று ஐந்தரை மணிநேரம் இழுக்கிறீர்கள். குளிர்காலத்தில் நமக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். ஒன்றுவிட்ட நாள் லண்டன் போய்த் திரும்புகிற உடம்பு எப்படித் தாங்கும்? நாலு மணி வாக்கில் உடம்புச் சூடு மிகவும் தாழ்ந்து கவனமும் தளரும், அதனால் கத்தி இறங்கியதை உங்கள் கைப்பிழை என்று நினைக்காதீர்கள்.
வெட்டு இல்லாத நாளிலும் மூன்றரைக்குள் எழுந்துவிடுங்கள். ராத்திரி எட்டரைக்குப் படுங்கள், ஏழு மணிக்கு மேல் போன், டிவி வேண்டாம், அந்த வெளிச்சம் தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும். குறைகிற தூக்கத்தை மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மணிநேரம் தூங்கி ஈடுகட்டுங்கள்.

பேச்சிப்பாறை:
முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய், பட்டையில் உள்ள பால் குழாய்களில் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். ஆனால் குறைவது சூரியன் ஏறிய பிறகுதான், மூன்று மணிக்கு இறங்கினாலும் ஏழுக்குள் முடித்துவிடலாமே, கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, ரப்பர் தோட்டத்தில் கிடக்கிற தொட்டாச்சிணுங்கியைப் பார்த்திருப்பீர்கள். 1729இல் த மேரான் என்கிற பிரெஞ்சுக்காரர் அதை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமல் பகலில் விரிந்து ராத்திரி கூம்பியது. செடிக்கே உள்ளுக்குள் ஒரு நேரம் ஓடுகிறது, நமக்கு இல்லாமல் போகுமா?

குளச்சல்:
சாயங்காலம் கட்டன், அதாவது பால் விடாத டீயோ காபியோ குடிப்பீர்களா? அதில் இருக்கிற, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் பாதி இறங்கவே ஐந்து மணிநேரம் போல ஆகும். கடலுக்குப் போகிற எங்கள் அப்பா மதியத்தோடு நிறுத்தினார், அப்புறம்தான் தூக்கம் பிடித்தது.

மலையோரம்:
ஆறு மணிக்கு ஒரு கட்டன் உண்டு, விட்டுவிடுகிறேன். முதலாளியிடம் மூன்று மணி பற்றி நாளைக்கே பேசுகிறேன். நாளைக்கு வெட்டு இல்லை, ஆனாலும் மூன்றரைக்கு அலாரம் வைத்தாயிற்று.