பீடத்தைப் பார்த்து வைத்த வில்

வில்லுப்பாட்டை வானொலியில் மட்டும் கேட்டவர்கள் குமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணம், கீரிப்பாறை பக்கத்து மலையடிவார ஊர்களில் ஒரு கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்து, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். அங்கே வில் சாமியின் பீடத்தைப் பார்த்து வைக்கப்படுகிறது. கதை கேட்பது முதலில் சாமி. ஊரார் அதற்குப் பிறகுதான்.

நான் கேட்டது முத்துப்பட்டன் கதை. அந்தணனாகப் பிறந்து, வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாட்டுக்கிடை காக்கப் போய் கள்வரால் மாண்டவன், இன்று பட்டவராயன். கதை பாடும் புலவர், பட்டன் பெண் கேட்கிற பகுதியைச் சிரிக்கச் சிரிக்க, அவசரமே இல்லாமல் பாடினார். கள்வர் கிடைக்குள் புகுந்ததும், வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோலின் நடை மாறியது. குடமும் உடுக்கையும் ஒன்றையொன்று துரத்தின. பட்டன் விழுந்த வரியில், சாமியாடுகிற கோமரத்தாடி எழுந்தார். உடனே கதை நின்று, சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டு தொடங்கியது. பக்கத்தில் இருந்த பாட்டி என் தோளைத் தட்டி, "எழுந்து நில் மக்களே, பட்டன் வந்துவிட்டான்" என்றார். சாமி வருகிற நேரத்தை அறிந்து கதையை அளந்து நடத்துகிற இந்தத் திறமைக்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

வேறோர் ஊரில் இன்னிசைக் கச்சேரிக்கு நேரமாகிறது என்று வில்லைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. புலவர் வாதாடவில்லை, பட்டனின் சாவை நாலே வரியில் பாடிவிட்டுத்தான் கோலைக் கீழே வைத்தார். அன்று யாருக்கும் அருள் வரவில்லை. கேட்டதற்கு, "கும்பிடுகிற சாமியைக் காட்டில் பாதி வழியில் விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது, தம்பி?" என்றார்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பில் கேட்ட சாற்றுப்பாட்டும் இப்படித்தான். பல் வெட்டிய இரும்புக் குழாயான கொக்கரையைக் கம்பியால் உரசிக்கொண்டே, அவர்களின் பூசாரியும் வைத்தியருமான பிலாத்தி பாடினார். நோய் கண்டவருக்காகப் பாடுவது அது. விருந்தாளி கேட்டார் என்று சுருக்கவோ திருப்பிப் பாடவோ முடியாது.

ஆகவே கொடைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பதிவு செய்வதானால் புலவரிடம் அனுமதி கேட்டு, தொடக்கத்துக் காப்பு முதல் முடிவில் பாடும் வாழி வரை முழுவதும் பதிவு செய்யுங்கள். அருள் வரும் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்பாதீர்கள். குலசேகரம், அருமநல்லூர் பக்கம் இன்னும் விடியவிடியக் கதை பாடுகிற குழுக்களை அறிந்தவர்கள், எந்த ஊரில், எந்த மாதம் கொடை என்று எழுதுங்கள். நான் வருகிறேன்.