விளக்கமறியலில் உள்ள பெண்ணுக்கு எங்கள் மாதர் சங்கம் என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பு வாசகி:
வணக்கம். நான் இங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் செயலாளர். எங்கள் உறுப்பினர் ஒருவர் மூன்று மாதங்களாக விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன்பே சிறையில், இருக்கிறார். வழக்கின் விபரத்தை இங்கே எழுதுவது முறையல்ல. நீதவான் பிணை வழங்கிய பின்பும், கையொப்பமிட இரண்டு பிணையாளிகள் கிடைக்காத காரணத்தால் அவர் உள்ளேயே இருக்கிறார். கணவர் உயிருடன் இல்லை. எட்டு வயது மகள் அம்மம்மாவுடன் இருக்கிறாள். இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டவை மாதவிடாய் அணையாடையும் சவர்க்காரமும்தான். பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். அரசு கொடுக்க வேண்டியதை நாங்கள் கொடுத்துப் பழகிவிட்டால், அது என்றைக்கும் நன்கொடையாகவே நின்றுவிடும் என்று நான் அஞ்சுகிறேன். எங்கே தொடங்குவது?

வவுனியா சட்டத்தரணி:
முதலில் பிணையைப் பாருங்கள், அம்மா. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதைப் பொதுவிதியாகவும் மறுப்பதை விதிவிலக்காகவும் கொள்கிறது. (பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்களுக்கு இது பொருந்தாது.) சரீரப் பிணையில் கையொப்பமிடுபவர் அந்த நேரத்தில் பணம் எதுவும் கட்டத் தேவையில்லை, பிணையில் சென்றவர் நீதிமன்றுக்கு வராமல் விட்டால்தான் பிணையாகக் குறித்த தொகையைக் கையொப்பமிட்டவரிடம் அறவிட முடியும். இது தெரியாமல் பின்வாங்கிய உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கத்தில் நிரந்தர வதிவிடமுள்ள இருவர், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றுடன் முன்வரலாம். அதுவும் இயலாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துமாறு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றுக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) மூலம் கேட்கலாம். அதற்குப் பணம் இல்லையென்றால், வருமானம் குறைந்தோருக்காக 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

கிளிநொச்சி அக்கா:
தங்கச்சி, சில வருடங்களுக்கு முன் நான் பதினொரு மாதம் உள்ளே இருந்தவள். எந்தச் சிறை என்று எழுதவில்லை. மாதவிடாய் நாட்களில் பழைய சேலைத் துண்டை இரவில் கழுவி, காயாத ஈரத்தோடு காலையில் மறுபடி கட்டியிருக்கிறேன். தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் கடமையில் இல்லாத நாட்களில் வயிற்றுவலியைக்கூடச் சைகையால்தான் சொன்னேன். என் மகன் கம்பிவலைக்கு அப்பால் நின்று பாடசாலைக் கொப்பியை விரித்துக் காட்டினான். அவன் கையைத் தொட முடியவில்லை. உரிமையா நன்கொடையா என்று நீங்கள் பேசி முடிக்கும்வரை அந்தப் பெண்ணின் உடம்பு காத்திருக்காது. கொண்டு போங்கள். ஆனால் பொதியை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், இருந்து பேசிவிட்டு வாருங்கள். பார்க்க ஆள் வரும் பெண்ணை உள்ளே நடத்தும் விதமே வேறு. பதினொரு மாதமும் நான் அதைக் கண்ணால் கண்டேன்.

மாங்குளம் ஆசிரியர்:
அக்கா சொன்னதோடு, எழுத்திலும் கேளுங்கள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிய பாங்கொக் விதிகள் எழுபதில், ஐந்தாவது விதி அணையாடைகளை இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது. நான்காவது விதி, இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையிலேயே பெண்களை வைக்கச் சொல்கிறது. பிள்ளைகள் வரும் சந்திப்பில் தாயைத் தொட்டுப் பேச இடமளிக்க வேண்டும் என்பது இருபத்தெட்டாவது விதி. இவை நம் நாட்டுச் சட்டமல்ல, ஆயினும் 1877ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தை இன்னும் பற்றிக்கொண்டிருக்கும் நாட்டிடம் சுட்டிக்காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் சிறைகளுக்குள் சென்று பார்வையிடும் அதிகாரம் உண்டு; தொலைபேசி இலக்கம் 1996. சங்கக் கடிதத் தாளில் எழுதுங்கள், ஆனால் அவரது ஒப்புதல் இல்லாமல் பெயரைக் குறிப்பிடாதீர்கள். முறைப்பாட்டின் கோபம் உள்ளே இருப்பவர் மீதுதான் திரும்பும்.

புதுக்குடியிருப்பு வாசகி:
எல்லோருக்கும் நன்றி. நேற்றைய கூட்டத்தில் பிணைத்தொகை பற்றிய விளக்கத்தை வாசித்துக் காட்டியதும் இருவர் கையொப்பமிட முன்வந்தார்கள். ஒருவர் இதுவரை மறுத்து வந்தவர். வியாழக்கிழமை அணையாடைகளுடன் போகிறோம், கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்புகிறோம். மகளையும் கூட்டிச் செல்வதா, கம்பிவலைக்கு இப்பால் நின்று பார்ப்பதை அந்தப் பிள்ளை தாங்குமா என்பதை அம்மம்மாவிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.