அப்பத்தா கொட்டான் மாதிரி பின்ன பாக்குறேன், ஓலை ஒடஞ்சுகிட்டே இருக்கு

உப்புக்காத்து:
வணக்கம். சொந்த ஊரு சாயல்குடி பக்கம், இப்ப இருக்கறது சென்னை. எங்க அப்பத்தா திண்ணைல உக்காந்து ஊர்க்கதை பேசிகிட்டே பனை ஓலைல கொட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) பின்னும், கைய குனிஞ்சு கூட பாக்காது. அது போயி ஆறு வருஷம் ஆச்சு, மிச்சம் இருக்கறது கருவாடு போட்டு வச்சிருந்த ஒரே ஒரு கொட்டான், அதுவும் வாய் பிஞ்சு கெடக்கு. அதே மாதிரி ஒண்ணு பின்னி, மேல மூக்கையூர் கரைல பொறுக்குன சிப்பி, பவளத்துண்டு, கடல் விசிறி (விசிறி மாதிரி விரிஞ்சு வளருற ஒரு பவள வகை) எல்லாம் ஒட்டி செவுத்துல மாட்டணும்னு ஆச. லீவுக்கு போனப்ப ஓலை கொண்டாந்தேன், மடிச்சா பட்டு பட்டுனு ஒடயுது. வீட்டுக்காரர் வேற சிரிக்கிறாரு. எங்க தப்பு பண்றேன்?

பனங்காட்டு மைனா:
தங்கச்சி, நீங்க கொண்டாந்தது முத்துன ஓலை, அது கூரைக்கும் வேலிக்கும் தான் ஆகும். கொட்டானுக்கு மரத்து நடுவுல விரியாம நிக்குதுல்ல குருத்தோலை, அது வேணும். வெயில்ல காய வச்சா வெளுத்து வரும், ஈர்க்க உரிச்சு எடுத்துட்டு ஒரே அகலத்துக்கு கிழிச்சுக்கங்க, பின்றதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு ஈரத்துணில சுத்தி வச்சிருங்க. எங்கம்மா மடில ஈரத்துணி இல்லாம உக்காரவே மாட்டாங்க. சாயம் வேணும்னா கொதிக்கிற தண்ணில கலக்கி ஓலைய உள்ள முக்கணும், பின்னி முடிச்சுட்டு பெயின்ட் அடிச்சா அசிங்கமா இருக்கும், என் கருத்து.

பாம்பன் பய:
ஓலை பத்தி எனக்கு தெரியாது, ஆனா பவளமும் கடல் விசிறியும் வேணாம்க்கா. ரெண்டும் 2001லயே வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல வந்துருச்சு, செத்து ஒதுங்குனதா இருந்தாலும் எடுத்தா கேசு தான். மன்னார் வளைகுடால 21 தீவையும் சேத்து 1986லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, அங்க எறங்கி பொறுக்கவும் கூடாது. அதுக்கு பதிலா கணவா ஓடு (கணவா மீனோட உள்ள இருக்கற ஓடு) எடுங்க, கரையெல்லாம் வெள்ளையா கெடக்கும், ஆணிய வச்சு கீறுனாலே கோலம் வந்துரும், சின்ன வயசுல நாங்க அதுல படகு செஞ்சு தண்ணில விட்ருக்கோம். அறுந்து ஒதுங்குற நைலான் வலை துண்டும் பச்ச, நீலம்னு கெடக்கும், ஓலையோட சேத்து பின்னி பாருங்க.

நரிப்பையூரான்:
கருவாட்டு கொட்டான செவுத்துல மாட்டுனா அப்பத்தாவே வந்து திட்டும் 😀 சிரிப்பு இருக்கட்டும், வீடியோ பாத்து கத்துக்கலாம்னு நெனச்சா அத விடுங்க. ஒவ்வொரு ஊருக்கும் கை வேற. பழைய கொட்டான ராத்திரி தண்ணில ஊறப்போட்டு வாய்லேருந்து ஒவ்வொரு ஓலையா பிரிங்க, எப்படி போட்டிருக்குன்னு அதுவே சொல்லும்.

பனங்காட்டு மைனா:
ஐயோ பிரிக்காதீங்க தங்கச்சி, அவ்ளோ பழைய ஓலை கையோட வந்துரும். லேசா ஈரம் பண்ணி கவுத்து போட்டு அடிய போட்டோ எடுத்து பெருசாக்கி எண்ணுங்க. அடி சதுரம் சரியா விழுந்தா பாதி வேலை முடிஞ்சுது.

உப்புக்காத்து:
பிரிக்கல, மைனா அக்கா சொன்ன மாதிரி ஈரம் பண்ணேன். வீடு முழுக்க கருவாட்டு வாசம், வீட்டுக்காரர் மொட்ட மாடிக்கு போயிட்டாரு. அடிய எண்ணும்போது தான் பாத்தேன், ஒரு மூலைல ஓலை பத்தாம வேற ஒரு செவப்பு ஓலைய சொருகி ஒட்டு போட்டிருக்கு அப்பத்தா. இத்தன வருஷமா அத டிசைன்னு நெனச்சிருக்கேன். ஊர்லேருந்து குருத்தோலை வரவச்சு பின்னிட்டேன், கோணலா தான் இருக்கு, நானும் அந்த மூலைல ஒரு செவப்பு சொருகிட்டேன். பவளம், விசிறி எல்லாம் வேணாம்னு விட்டாச்சு, கணவா ஓடு மட்டும் தான். இப்ப வாய் கட்ட பனை மட்டை நார் வேணும், சென்னைல எங்கயாச்சும் கெடைக்குமா?