பெரும்பாக்கத்தில் நடமாடும் மருத்துவ ஊர்தி: எந்த நேரம், எந்தச் சேவை?

கேள்வி:
பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வாரம் ஒருமுறை மருத்துவ ஊர்தியை வரவழைக்க எங்கள் தன்னார்வக் குழு எண்ணுகிறது. சென்னையின் உட்பகுதிகளிலிருந்து மறுகுடியமர்த்தப்பட்ட இக்குடும்பங்களில் பலர் வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
மாலை ஆறு மணிக்குப் பிறகு வையுங்கள். பகலில் வரும் ஊர்தி முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமே பார்க்கும். தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாமல் உழைக்கும் நாற்பது வயதுக்காரர் அதன் கண்ணில் படவே மாட்டார். மாலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க இயலாது என்பது உண்மைதான், ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு அது தேவையில்லை.

மறுமொழி 2:
நேரத்தைவிடத் தொடர்ச்சியே எனக்குக் கவலை. முகாமில் பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவது, வெளிப்படையாகச் சொன்னால், புகைப்படத்துக்குத்தான் உதவும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டிலேயே கொடுத்து வருகிறார்கள். ஆகவே ஊர்தியில் கண்டறியப்படுவோரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் சேர்ப்பதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. மேல்மாடிகளில் படுக்கையிலேயே இருப்பவர்கள் கீழே இறங்கி வர முடியாதே?

மறுமொழி 2:
அவர்களுக்கு ஊர்தி பயன்படாது. வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் அதே திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. கட்டட எண், மாடி எண்ணுடன் அவர்களின் பெயர்களைத் தனியாகக் கொடுங்கள்.