4கே மொனிட்டர் 30 ஹேர்ட்ஸிலேயே நிற்கிறது, ஆராவது உதவுங்கோ

அண்ணாமார், அக்காமார், வணக்கம். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்துதான் வேலை. போன கிழமை பம்பலப்பிட்டியில் 27 அங்குல 4கே மொனிட்டர் ஒன்று வாங்கினேன். லப்டொப்பில் எச்டிஎம்ஐ வயரைக் குத்தினால் படம் வருகிறது. மவுஸை அசைத்தால்தான் அம்பு விட்டு விட்டு இழுபடுகிறது. விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் 30 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 30 தரம் படம் மாறுவது) மட்டும்தான் காட்டுகிறது. 1080பிக்குக் குறைத்தால் 60 வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் மங்கல். அதற்கா இவ்வளவு காசு கொடுத்தேன்?

வயர் பழைய டிவியில் கிடந்தது. சரி, புதிது வாங்கலாம். ஆனால் லப்டொப்பின் எச்டிஎம்ஐயே 4கேயில் 30 மட்டும் தரும் பழைய 1.4 பதிப்பு என்றால் எந்த வயரும் உதவாதே. டைப்-சி துளை ஒன்றும் உண்டு, பக்கத்தில் படம் அனுப்பும் என்று காட்டும் டிபி (டிஸ்பிளேபோர்ட்) சின்னமோ மின்னல் (தண்டர்போல்ட்) சின்னமோ இல்லை. அதில் படம் வருமா என்று அடப்டர் வாங்காமலே அறிய வழி இருக்கிறதா? சனிக்கிழமை கடைப்பக்கம் போகிறேன், அதற்கு முதல் சொன்னால் புண்ணியம்.