மனசாட்சி இடம் தரவில்லை என்று மருத்துவர் மறுத்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

என் தங்கைக்கு இதய வால்வில் கோளாறு. இன்னொரு முறை கருவுற்றால் உயிருக்கே ஆபத்து என்று இதயநோய் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தோடு கருத்தடை அறுவை சிகிச்சைக்காக மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரத்தப் பரிசோதனை எடுத்து வாருங்கள் என்றார், எடை குறையட்டும் என்றார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அலைந்து சலித்த பிறகு, அங்கே வேலை செய்யும் ஒருவர் தனியாக அழைத்துச் சொன்னார்: "அவர் இந்த அறுவையைச் செய்வதே இல்லை. அவருடைய சமய நம்பிக்கை அப்படி."

நம்பிக்கை மீது எனக்குக் கோபமில்லை. அதை மறைத்ததுதான் ஆறவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். ஒவ்வொரு முறை நாள் தள்ளிப்போனபோதும் தங்கை நடுங்கியதை நான் பார்த்தேன். மனசாட்சி அவருடையது, அதற்கான பயம் முழுவதும் இவளுடையது. இது என்ன நியாயம்?

அடுத்துப் பார்த்த மருத்துவரும் அதே நம்பிக்கை உடையவர்தான். ஆனால் உட்காரவைத்துச் சொன்னார்: "நான் இதைச் செய்வதில்லை. உங்கள் தேவை நியாயமானது. செய்பவரிடம் நானே பேசுகிறேன்." எங்கள் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார். அவர் மீது இன்றும் எனக்கு மரியாதை உண்டு.

மறுமொழி: ஒரு செவிலியர்

மறுப்பு நோயாளியைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன். வயிற்றுவலியோடு ஒரு பெரியவர் வந்தார். ஸ்கேனில் பித்தப்பையில் கல் தெரிந்தது. வலிக்குக் காரணம் இரைப்பைப் புண். தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. ஆனால் நிர்வாகம் அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னது. அந்த இளம் அறுவை மருத்துவர் நோயாளியின் குறிப்பேட்டில் "அறுவை தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருடைய ஒப்பந்தம் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. பெரியவர் மாத்திரையோடு வீட்டுக்குப் போனார், தமக்காக ஒருவர் வேலையை இழந்தது தெரியாமலே.

மறுமொழி: ஒரு மருத்துவர்

மேலே உள்ள இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும். மனசாட்சியின் விலையை யார் கொடுக்கிறார் என்று பாருங்கள். செவிலியர் சொன்னவர் தாமே கொடுத்தார். தங்கையை அலையவிட்டவர் அதை நோயாளியின் தலையில் கட்டினார்.

1960இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் கெல்சி, கர்ப்பிணிகளுக்கும் தரப்பட்ட தூக்க மருந்தான தாலிடோமைடுக்கு அனுமதி தர மறுத்தார். பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்பதே காரணம். மருந்து நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியது, அவர் அசையவில்லை. அந்த மருந்து விற்கப்பட்ட பிற நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்தன. எங்கள் தொழிலில் மனசாட்சி என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் அவர்தான்.

தனிப்பட்ட நம்பிக்கையால் விலகிக்கொள்ளவும் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் மருத்துவருக்கு அந்த உரிமையைத் தந்தது. ஆனால் தாயின் உயிரைக் காக்கவோ, நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ சிகிச்சை தேவைப்படும்போது விலக முடியாது. சுவீடனோ மருத்துவர் விலகிக்கொள்ளும் உரிமையையே சட்டத்தில் தரவில்லை. எனக்குப் பிரிட்டனின் வழி சரியாகப் படுகிறது. மனத்துக்கு ஒவ்வாததைச் செய்யும்படி ஒருவரை நெருக்கினால் அந்தக் கை நோயாளிக்கும் நல்லதல்ல.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "இதை நீங்கள் செய்வீர்களா? இல்லையென்றால் யாரிடம் போகவேண்டும்?" பதில் மழுப்பலாக வந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உங்கள் அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மருத்துவரைப் பாருங்கள்.